கடைசி அத்தியாயம் மட்டும் அவருடையது

எந்த நாவலைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் மூன்று தீர்ப்புகள்தான் உண்டு. கேட்டே ஆக வேண்டும், கேட்கலாம், கேட்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. 'படிக்கலாம்' என்று அவர் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. படிப்பது அவருடைய வேலை, கேட்பது எங்களுடைய வேலை என்று அவராகவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

அந்த ஏற்பாட்டுக்கு நாங்களும் இடம் கொடுத்தோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்கத்தாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள். அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே வேலை. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். தமிழ் பேசுவோம், சண்டை போடுவோம், படிக்க மட்டும் வராது. லீவுக்கு ஊருக்குப் போனால், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். எங்களைப் போன்ற அரைகுறைகளைக் கடைத்தேற்றத்தான் பாலிகஞ்சில் குடியிருந்த அந்த பாங்க் ஆபீசர் நாவல்களை வாசித்து கேசட்டில் பதிவு செய்தார். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது.

குரல் நல்ல குரல். அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். ஒரு காலத்தில் ரேடியோவில் குரல் தேர்வுக்குப் போனாராம். 'குரல் பிரமாதம், ஆனால் செய்தி வாசிக்கும்போது நடுவில் சொந்தக் கருத்து சொல்லக் கூடாது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதை எங்களுக்குச் சொன்னது அவர் மனைவி. மாமி அந்த கேசட்டுகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "மிச்ச நேரமெல்லாம் அதே குரல்தானே வீட்ல ஓடிண்டிருக்கு" என்பார்.

கேசட்டைப் போட்டதும் நாவல் ஆரம்பிக்காது. "வணக்கம். இந்த நாவலைப் பற்றி என் அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்" என்று ஆரம்பிக்கும். அபிப்பிராயம் முடிவதற்குள் எங்கள் அம்மா ரசம் வைத்து இறக்கிவிடுவாள். அதற்குப் பிறகு நாவல் வரும். அதிலும் கதாநாயகன் ஏதாவது அசட்டுத்தனம் செய்தால் குரல் சட்டென்று நிற்கும். "இவன் இந்த இடத்தில் இப்படிப் பேசியிருக்கக் கூடாது. சரி, பேசிவிட்டான். மேலே போவோம்." கதாநாயகி அழுதால், "இந்த அழுகையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்" என்பார். சில நாவல்களில் அவரே குறைத்தும் விட்டார்.

பதிவு நடப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் வீட்டு வராந்தாவை ஒட்டிய அறையில். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தெரு. அவர் திறந்தே வைத்தார். அதனால் காவிரிக்கரை அக்கிரகாரத்தில் ஒரு பெரியவர் பூஜைக்கு உட்காரும்போது, பின்னால் "மாச்... மாச் நேபேன்..." என்று மீன்காரர் கூவிக்கொண்டு போவார். துர்கா பூஜை சமயத்தில் பதிவான ஒரு நாவலில், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதிலிருந்து முதலிரவு வரைக்கும் டாக் மேளம் ஓயவே ஓயாது. தஞ்சாவூர்க் கல்யாணம் என்றால் டாக் அடிப்பார்கள் என்றுதான் என் தம்பி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். கரண்ட் போய்விட்டால் பேட்டரியில் ஓட்டுவார். பேட்டரி சோர்ந்து டேப் மெதுவாகச் சுற்றும். அதை நாங்கள் கரண்டில் போட்டுக் கேட்கும்போது குரல் கீச்சென்று ஓடும். "உன் வம்சத்தையே அழிப்பேன்" என்று ஒரு ஜமீன்தார் சிறு பிள்ளைக் குரலில் மிரட்டியதைக் கேட்டு நாங்கள் உருண்டு உருண்டு சிரித்திருக்கிறோம்.

ஆனால் அவருடைய உண்மையான தொழில் சிபாரிசுதான். அதை அவர் செய்கிற விதம் தனி. ஒரு வீட்டுக்கு வருவார், டீ குடிப்பார், யாரிடமும் ஒரு புத்திமதி சொல்ல மாட்டார். கண் மட்டும் நாலு பக்கமும் சுற்றும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு ஒரு கேசட் வந்து சேரும். அப்பா தன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சமயத்தில் எங்களுக்கு வந்தது, அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுகிற நாவல். நான் காலேஜுக்குப் போகிற வயதிலும் எட்டு மணி வரை தூங்குகிறவள். எனக்கு வந்த நாவலில் கதாநாயகி கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து கோலம் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எழுந்திருக்கிற இடங்களை மட்டும் நான் ஓட்டிவிட்டுக் கேட்டேன்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அக்காவுக்கு அந்த கேசட் வருகிற வரைக்கும்.

அக்காவை அலிப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தான் ஒரு கம்பெனியில் ஆபீசர். கை நீட்டுகிற மனிதர் அல்ல. நாலு பேருக்கு முன்னால் அக்கா வாயைத் திறந்தால் "உனக்கென்ன தெரியும்" என்பார், அவ்வளவுதான். அதையே காலையிலும் மாலையிலும் சொன்னால் ஒரு மனுஷி என்ன ஆவாளோ அப்படித்தான் அக்கா ஆகிக்கொண்டிருந்தாள். கணக்கில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு வாங்கியவள், மளிகைக்கடையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கக்கூட அத்தானிடம் நீட்டுவாள். அந்தச் சமயத்தில் பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை அவளைத் தேடி வந்தது. பூஜை லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அத்தான், "போறதுன்னா போ, வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

அக்கா யாரிடம் யோசனை கேட்பாள்? அப்பாவிடம் கேட்டால் ரத்தக்கொதிப்பு ஏறும். அம்மாவிடம் கேட்டால் அம்மா அழுவாள். அதனால் பூஜைக்குப் பிறந்த வீடு வந்திருந்தபோது, மாமா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவரிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மாமா, நான் போகட்டுமா வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் என்னம்மா சொல்றது?" என்று கடைசி மடக்கு டீயைக் குடித்தார். "ஒரு நாவல் தர்றேன். கேட்டே ஆகணும்."

அந்த நாவலின் கதாநாயகி பெயர் வசுமதி. அவளுக்குத் தபால் ஆபீசில் வேலை கிடைக்கிறது. புருஷன் முறுக்கிக்கொள்கிறான். அக்காவும் நானும் மதிய நேரத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மூச்சு விடாமல் கேட்டோம். கடைசி அத்தியாயத்தில் வசுமதி வேலை உத்தரவைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். புருஷன் மனம் உருகி, ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்து அவள் தலையில் தன் கையாலேயே வைக்கிறான். மாமா குரல் தழுதழுக்கிறது. மீன்காரர்கூட அன்றைக்கு அந்தப் பக்கம் வரவில்லை.

அக்கா வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அத்தான் மனம் உருகினாரா என்று கேட்காதீர்கள். மல்லிகைப்பூ லேக் மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் அல்ல. அத்தான் ஆபீஸ் விட்டு வருகிற வழியும் அதுதான்.

சில வருஷங்கள் கழித்து, தமிழ்க்காரர்கள் மாதம் ஒரு முறை கூடி நாவல்களைப் பற்றிப் பேசுகிற பழக்கம் ஆரம்பித்தது. சமீபத்தில் படித்தது, கேட்டது என்று ஆளுக்கொன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும். தலைமை யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கூட்டத்துக்கு, துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த ஓர் அதிகாரியின் மனைவி வந்திருந்தார். மதுரைக்காரர். அக்காவும் நானும் சிங்காடா என்கிற வங்காளிச் சமோசாத் தட்டோடு பின்வரிசையில் இருந்தோம். அவர் எழுந்து, வசுமதியின் நாவலைச் சிபாரிசு செய்தார். "அந்தக் கடைசியில அவ வேலைக்குக் கிளம்பிப் போறா பாருங்க, அதுக்காகவே படிக்கணும்" என்றார்.

"எங்க போறா?" என்றது முன்வரிசை. "உத்தரவைக் கிழிச்சு அடுப்புல போட்டுடறாளே!"

"யாரு? வசுமதியா?"

"வசுமதிதான். அப்புறம் அவன் பூ வாங்கிண்டு வருவான்."

"அய்யோ, எந்தப் பூவும் கிடையாதுங்க. நீங்க வேற ஏதோ புத்தகத்தைச் சொல்றீங்க."

முன்வரிசைக்கு ரோஷம் வந்துவிட்டது. கேசட் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பூவுக்குச் சாட்சி சொன்னார்கள். அந்த அம்மாள் தனியாளாக நின்றார். எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பதிப்புக்குப் பதிப்பு வித்தியாசம் இருக்கும்" என்றார். மதுரைக்காரம்மாள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினார். வசுமதி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை, கதவு திறந்தே கிடக்கிறது. அவ்வளவுதான் நாவல்.

அதற்குப் பிறகு அவரவர் தங்கள் தங்கள் நாவலைப் பற்றி அந்த அம்மாளிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமியாரோடு ஒத்துப்போகாத ஒரு வீட்டுக்கு வந்த நாவலில் தொண்ணூறு வயது வரைக்கும் மருமகளை ஆசீர்வதித்துக்கொண்டே இருந்த மாமியார், அசலில் ஏழாவது அத்தியாயத்திலேயே செத்துப்போனவளாம். எங்கள் அப்பாவின் அண்ணன் தம்பிகள் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லையாம். அறை முழுக்கச் சிரிப்பு. மாமாவும்கூடச் சிரித்தார். அக்கா மட்டும் கையில் இருந்த சிங்காடாவைக் கடிக்காமல் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் அவள் வசுமதியைத்தான் நினைத்துக்கொள்வாளாம். டாக்ஸியில் வரும்போது சொன்னாள். "அவளுக்குப் பூ கிடைச்சுதே, நமக்கும் என்னைக்காவது கிடைக்கும்னு இருந்தேன்டி" என்றாள். நான் வாயில் வந்தபடி மாமாவைத் திட்டினேன். டிரைவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சண்டை என்றால் எனக்குப் பிடிக்கும்.

"ஏன் மாமா மாத்துனீங்க?"

"வீட்டை உடைக்கிற கதையை நான் ஒரு வீட்டுக்குக் கொடுப்பேனாம்மா?"

"அது என் வீடு மாமா. உங்க கேசட் இல்ல."

"ஆசிரியர் அந்த இடத்துல சறுக்கிட்டார். அவ்வளவு தூரம் நல்லா எழுதிண்டு வந்துட்டு, கடைசியில அவசரப்பட்டுட்டார். நான் சரி பண்ணினேன்."

"நான் உங்ககிட்ட போகவா வேண்டாமான்னு கேட்டேன். 'வேண்டாம்'னு உங்க வாயால சொல்லியிருக்கலாம்லா? உங்க மேல கோபப்பட்டுட்டாவது போயிருப்பேன்."

அவர் மேஜை மேலிருந்த டேப் ரெக்கார்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதுதான் அந்த மனிதர். யார் முகத்தையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் தைரியம் கிடையாது. டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் செத்தவர்களை எழுப்புவார், பிரிந்தவர்களைச் சேர்ப்பார். மாமி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்து, "குடிச்சுட்டு இன்னும் நாலு வார்த்தை கேளு" என்றார்.

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. மதுரைக்காரம்மாளிடம் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்து, தன் சின்ன மகனுக்கு வாங்கிய தமிழ் அரிச்சுவடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். நான் பஸ் போர்டைச் சொல்லிக் கேலி செய்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. வசுமதியை முடித்தபோது அவளுக்குத் தமிழ் ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷம், முதலில் வந்ததைவிடச் சின்னப் பள்ளிக்கூடம், குறைந்த சம்பளம், கணக்கு டீச்சர் வேலைக்குப் போனாள். அத்தான் சாவியைக் கேட்டார். "இந்தாங்க, சாயங்காலம் நீங்களே வந்து திறந்து வைங்க" என்று கையில் கொடுத்துவிட்டாள். அவருக்கு அந்த வீட்டுப் பூட்டைத் திறந்து பழக்கமே இல்லை. முதல் நாள் அக்கா வேலை முடிந்து வரும்போது, அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாராம், கீழ்வீட்டு வங்காளி அம்மாள் கொடுத்த டீயோடு. அக்காதான் திறந்தாள். அதற்குப் பிறகு சாவியைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைகளில் தமிழ் நாவல்கள் சி.டி.யாகவே வர ஆரம்பித்தன. பின்னணி இசை, ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல். மாமா இரண்டைக் கேட்டுவிட்டு, "வாசிக்கிறான். ஆனா அவனுக்குன்னு ஒரு அபிப்பிராயம் இல்லையே" என்று ஒதுக்கிவிட்டார். அப்போது அவர் ரிட்டயராகி, பார்வை மங்கிப்போயிருந்தது. பெரிய எழுத்துத் தலைப்புகூடத் தெரியவில்லை. புதிதாக வருகிற நாவல்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து தர முடியுமா என்று எல்லோருக்கும் போன் செய்தார். எல்லோருக்கும் வேலை இருந்தது. சிலருக்கு அவர் கேட்ட உடனே வேலை வந்துவிட்டது.

"நான் வாசிச்சுத் தாரேன்" என்றாள் அக்கா. எனக்கு அவள் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

முதல் கேசட் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. நன்றி சொல்லவா? "உன் ழகரம் பரவாயில்லை. வாக்கியத்துக்கு நடுவுல மூச்சு வாங்கறே. பின்னாடி குக்கர் சத்தம் கேக்கறது" என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அவர் கேசட் முழுவதையும் கேட்டு முடித்த பிறகு மறுபடியும் போன் வந்தது.

"ஏம்மா, கடைசி அத்தியாயத்தைக் காணோமே?"

"அது உங்களுக்கு வேணுமா மாமா? நீங்களாவே ஒண்ணு போட்டுக்குவீங்கன்னு இருந்தேன்."

அக்கா நிதானமாகச் சொன்னாள். "வசுமதி கடைசியில என்ன ஆனான்னு உங்க குரல்ல ஒரு கேசட் பேசி அனுப்புங்க. மறுநாளே உங்க கடைசி அத்தியாயம் வரும்."

அவர் போனை வைத்துவிட்டார். பிடிவாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினார். அக்கா விடவில்லை, அடுத்தடுத்து இரண்டு நாவல்களை, கடைசி அத்தியாயம் இல்லாமல், ஒழுங்காக அனுப்பி வைத்தாள். அவர் மாதக் கூட்டத்துக்கு வந்து அந்த நாவல்களுக்குத் தானே முடிவு கட்டிச் சிபாரிசு செய்தார். ஆனால் அப்போதெல்லாம் எல்லோரும் புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். "அப்படி இல்லியே மாமா" என்று காலேஜ் பெண் ஒருத்தி சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். துடைத்து என்ன ஆகப் போகிறது?

பிறகு ஒரு நாள் கேசட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுச் சமையலறையில் வைத்துப் போட்டோம். அத்தான்கூடப் பேப்பரோடு வந்து வாசற்படியில் நின்றார்.

மாமா முதன்முறையாக அபிப்பிராயம் இல்லாமல் நேராக ஆரம்பித்தார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க அவருக்குக் கண் இல்லை, மனசிலிருந்துதான் சொல்ல வேண்டும். அக்கா புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அத்தனை வருஷமும் அசல் முடிவு முழுக்க முழுக்க அவருக்கு மனப்பாடமாகத்தான் இருந்திருக்கிறது. வசுமதி செருப்பை மாட்டினாள். தெருவில் இறங்கினாள். சரியாக அந்த இடத்தில் "மாச்... மாச் நேபேன்..." என்று மீன்காரர் அவளைக் கடந்து போனார். கதவு திறந்தே கிடந்தது.

நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, அதுவும் அந்த மனிதரின் குரலுக்கு. கேசட் அதோடு முடியவில்லை. பிறகு தொண்டையைக் கனைக்கிற சத்தம். "இது ஆசிரியர் எழுதிய முடிவு. இதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை." ரெக்கார்டரை நிறுத்தி மறுபடி போட்ட 'டக்' சத்தம். "இருந்தாலும், கேட்கலாம்."

அக்கா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அன்று மத்தியானமே குக்கரை இறக்கிவைத்துவிட்டு, பாக்கி வைத்திருந்த மூன்று நாவல்களின் கடைசி அத்தியாயங்களையும் ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்து அனுப்பினாள். அவற்றில் ஒன்றில், புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டில் பிரிந்து ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் அடித்தது. எனக்கு லீவு, நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா எடுத்தாள். எனக்கே கேட்கிற அளவுக்கு அவர் கத்தினார்.

"என்னம்மா இது? ரெண்டு பேரையும் இப்படிப் பிரிச்சு அனுப்பிட்டான்! நீ வாசிக்கறச்சே கொஞ்சம் மாத்தியிருக்கக் கூடாதா?"

அக்கா ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினாள். அவளுக்கு முதல் பீரியட் கணக்கு.